வாங்கிய பேப்பரும் வார்டில் கிடைத்த கேள்வியும்

வாசகர் கடிதம் (சுருக்கமாக):

"வணக்கம் மேடம். தென் தமிழகத்தில் ஒரு அரசு மருத்துவக் கல்லூரியில் சி.ஆர்.ஆர்.ஐ. (ஹவுஸ் சர்ஜன் பயிற்சி) செய்துகொண்டிருக்கிறேன். இன்னும் ஏழு மாதம் பாக்கி. அமெரிக்காவில் டாக்டராக எழுத வேண்டிய தேர்வுகளில் ஸ்டெப் 1 பாஸ். ஸ்டெப் 2 சி.கே. படித்துக்கொண்டிருக்கிறேன். அமெரிக்காவில் இன்டர்னல் மெடிசின் (பொது மருத்துவம்) ரெசிடென்சி, அதாவது அங்கே பி.ஜி. பயிற்சி, சேர வேண்டும் என்பது ஆசை. ஆனால் ரிசர்ச் என்று சொல்லிக்கொள்ள என்னிடம் ஒன்றுமே இல்லை. 'இருபது பப்ளிகேஷன் இல்லையென்றால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்' என்கிறார் ஒரு சீனியர் அண்ணா. ஒரு வாட்ஸ்அப் குழுவில், ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையில் மூன்றாவது ஆதர் (எழுதியவர்) இடத்துக்கு 9,000 ரூபாய், முதல் ஆதருக்கு 30,000 ரூபாய் கேட்கிறார்கள். இரண்டே மாதத்தில் பப்மெட்டில் (மருத்துவக் கட்டுரைகளின் இணையப் பட்டியல்) பெயர் வந்துவிடுமாம். அப்பா கூட்டுறவு சொசைட்டியில் கிளார்க். கேட்டால் எப்படியாவது புரட்டிக் கொடுத்துவிடுவார், அதனால்தான் கேட்கவே பயமாக இருக்கிறது. படிப்பு முடிந்ததும் ஒரு வருடம் அங்கே போய்ச் சம்பளமில்லாமல் ரிசர்ச் செய்தால் மேட்ச் (ரெசிடென்சி இடம் ஒதுக்கும் முறை) நிச்சயம் என்றும் சொல்கிறார்கள். இங்கே வார்டில் மூச்சுவிட நேரமில்லை. மழை விட்டதிலிருந்து எல்லாம் காய்ச்சல் கேஸ்கள், ஸ்க்ரப் டைஃபஸ் நிறைய. பெண் நோயாளிகளுக்கு எஸ்காரை லேடி ஹவுஸ் சர்ஜன்கள் நாங்கள்தான் சேலையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு தேடிக் கண்டுபிடிக்கிறோம். இதற்கு நடுவில் ரிசர்ச் எங்கே செய்வது? என்ன செய்யட்டும் மேடம்?"

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் ஒன்று. அந்த வாட்ஸ்அப் குழுவுக்குப் பணம் அனுப்பாதீர்கள். 9,000-மும் வேண்டாம், 30,000-மும் வேண்டாம். மற்றதை நிதானமாகப் பேசலாம். இதை மட்டும் அவசரமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உங்களைப் போலக் கேட்டு எழுதுகிறவர்களில் சிலர், என் பதில் போய்ச் சேர்வதற்குள் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள்.

நானும் தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு இங்கே அமெரிக்காவுக்கு வந்தவள்தான். இன்டர்னல் மெடிசின் ரெசிடென்ட்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். இலையுதிர் காலம் வந்தால் விண்ணப்பங்களைப் படிப்பதும் நேர்காணலில் உட்காருவதும் என் வேலையில் சேர்ந்துவிடும். அந்த அனுபவத்திலிருந்துதான் எழுதுகிறேன்.

அண்ணா சொன்ன 'இருபது' எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். மேட்சை நடத்தும் என்.ஆர்.எம்.பி. அமைப்பு, எந்தத் துறையில் யாருக்கு இடம் கிடைத்தது, அவர்களிடம் என்னென்ன இருந்தது என்று அவ்வப்போது ஒரு புள்ளிவிவரத் தொகுப்பு வெளியிடும். அதில் ஆய்வுச் சுருக்கம், மாநாட்டுப் படைப்பு, பிரசுரமான கட்டுரை மூன்றையும் கூட்டி ஒரே எண்ணாகப் போட்டிருப்பார்கள். 2022-இல் வந்த தொகுப்பில், நியூரோசர்ஜரி கிடைத்த அமெரிக்க எம்.டி. மாணவர்களின் சராசரி 25-ஐத் தாண்டியிருந்தது. டெர்மட்டாலஜியில் (தோல் மருத்துவம்) இருபதை ஒட்டியிருந்தது. அது கைமாறிக் கைமாறி, துறையின் பெயர் உதிர்ந்து, 'இருபது பப்ளிகேஷன்' ஆகி உங்கள் ஹாஸ்டலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

அந்த எண் எப்படி ஊதுகிறது என்று பாருங்கள். ஒரு மாணவி ஒரே ஒரு ஆய்வு செய்கிறாள். அதன் சுருக்கம் ஒரு மாநாட்டு மலரில் வருகிறது. அந்த மாநாட்டிலேயே போஸ்டர் ஒட்டுகிறாள். அடுத்த வருடம் அதுவே கட்டுரையாக வருகிறது. வேலை ஒன்று, கணக்கில் மூன்று. போஸ்டரை இன்னொரு மாநாட்டுக்கும் எடுத்துப் போனால் நான்கு. 'இருபது' என்றவுடன் இருபது முழு ஆராய்ச்சிக் கட்டுரைகளை நினைத்து நீங்கள் மலைத்துப் போக வேண்டாம்.

நீங்கள் கேட்பது நியூரோசர்ஜரியும் இல்லை. இன்டர்னல் மெடிசினில் வருடத்துக்குப் பத்தாயிரத்துக்கும் அதிகமான முதலாண்டு இடங்கள் இருக்கின்றன. வெளிநாட்டில் படித்தவர்கள் அதிகம் சேரும் துறையும் இதுதான். அதற்காகச் சுலபம் என்று சொல்ல மாட்டேன். 2025 மேட்சில், அமெரிக்கக் குடியுரிமை இல்லாத வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளில் 58 சதவீதம் பேருக்குத்தான் இடம் கிடைத்தது, எல்லாத் துறைகளையும் சேர்த்து. மீதிப் பேருக்கு ஏன் கிடைக்கவில்லை என்றால் காரணம் பல. ஆனால் என் மேஜைக்கு வந்த விண்ணப்பங்களில், 'ரிசர்ச் போதவில்லை' என்ற ஒன்றுக்காக மட்டும் ஒதுக்கி வைத்தது எனக்கு நினைவில்லை. ஸ்டெப் 2 மதிப்பெண் குறைவு, ஒருமுறை தவறியது, படிப்பை முடித்து ஆறேழு வருடம் ஆகிவிட்டது, இங்கே ஒரு வார்டிலும் நின்று பார்த்த அனுபவம் இல்லை, பரிந்துரைக் கடிதத்தில் பெயரை மாற்றிப் போட்டால் யாருக்கும் பொருந்தும் நான்கு வரி. இவைதான் முதலில் கண்ணில் படும்.

ரிசர்ச் பற்றிய பேச்சு இவ்வளவு பெருத்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2022 ஜனவரி கடைசியிலிருந்து ஸ்டெப் 1-க்கு மதிப்பெண் கிடையாது, பாஸ் அல்லது ஃபெயில்தான். அதுவரை 250 எடுத்தேன், 260 எடுத்தேன் என்று சொல்லிக்கொள்ள ஒரு எண் இருந்தது. அது போனதும் வேறு எண் தேடினார்கள். ஸ்டெப் 2 மதிப்பெண் ஒன்று, பேப்பர் எண்ணிக்கை இன்னொன்று. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடித்துப்போகிறது. நமக்குப் பி.ஜி. சீட் என்றால் நீட் பி.ஜி.; 200 கேள்வி, 800 மார்க். ரிசர்ச்சுக்கு அங்கே ஒரு மார்க்கும் இல்லை. எல்லாவற்றையும் மார்க்காகப் பார்த்தே வளர்ந்ததால், பேப்பரையும் ஒன்றுக்கு இத்தனை மார்க் என்று மனதுக்குள் கூட்டிப்போடுகிறோம். நேர்காணலில் உட்காருகிறவர்கள் அப்படிக் கூட்டுவதில்லை. பட்டியலில் ஒன்றைத் தொட்டு, 'இதைப் பற்றிச் சொல்லுங்கள்' என்பார்கள். நானும் அதைத்தான் கேட்பேன்.

இரண்டு பேரைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி.

ஒரு பையன், பதினொரு பேப்பர். ஜூமில்தான் நேர்காணல். பட்டியலில் கணைய அழற்சியில் சி.ஆர்.பி. (அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) அளவைப் பற்றி ஒரு கட்டுரை இருந்தது, அவர் இரண்டாவது ஆதர். எனக்கு உண்மையிலேயே அதில் ஆர்வம். "சி.ஆர்.பி.யை எத்தனையாவது நாள் எடுத்தீர்கள்? அட்மிஷன் அன்றா, 48 மணி நேரம் கழித்தா?" என்று கேட்டேன். பதில் வரவில்லை. அவர் அறையில் ஓடிய மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. மாட்டிவைக்கக் கேட்ட கேள்வியே இல்லை அது. அந்த ஆய்வில் ஒருநாள் வேலை பார்த்திருந்தாலும் தெரிந்திருக்கும். "அந்தப் பகுதியை வேறொருவர் பார்த்தார்" என்றார். சரி என்று அடுத்த கட்டுரைக்குப் போனேன். அதிலும் வேறொருவர்தான் பார்த்திருந்தார். நல்ல பையனாகத்தான் தெரிந்தார், ஸ்கோரும் நன்றாக இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு அவர் சொன்ன எதையும் முழுதாக நம்பிக் கேட்க என்னால் முடியவில்லை.

இன்னொரு பெண், ஒரே ஒரு வேலை. அவள் படித்த ஆஸ்பத்திரியில் டெங்கு நோயாளிகளுக்குத் தேவையில்லாமல் பிளேட்லெட் ஏற்றுகிறார்களா என்று ஒரு ஆடிட். முதல் இரண்டு மாதக் கணக்கு எடுத்தார்கள், வார்டில் வழிகாட்டுதலை எழுதி ஒட்டினார்கள், அடுத்த இரண்டு மாதம் மறுபடி கணக்கு எடுத்தார்கள். எண்ணிக்கை நன்றாகக் குறைந்திருந்தது. பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தவள் ஒரு இடத்தில் நின்றாள். "மேடம், ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. நாங்கள் ஒட்டிய காகிதத்தால் குறையவில்லை, டெங்கு சீசன் முடிந்துவிட்டது. மொத்த எண்ணிக்கையை எடுத்ததே தப்பு, நூறு நோயாளிக்கு எத்தனை பேர் என்று எடுத்திருக்க வேண்டும். அப்படிப் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் கொஞ்சம்தான்" என்றாள். என்னோடு இருந்த இரண்டு பேரும் குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். தான் போட்ட கணக்கில் தானே ஓட்டை கண்டுபிடித்து அதைப் பயப்படாமல் சொல்கிறவள், ராத்திரி மூன்று மணிக்கு ஐ.சி.யூ.வில் மருந்து அளவு தப்பாகப் போய்விட்டால் மறைக்காமல் எனக்குப் போன் செய்வாள். ரெசிடென்டிடம் நான் தேடுவது அதைத்தான். அந்த ஆடிட் எந்த ஜர்னலிலும் வரவில்லை, மாநிலக் கருத்தரங்கில் ஒரு போஸ்டரோடு சரி.

இப்போது அந்தக் குழு விற்கும் சரக்குக்கு வருவோம். மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு, ஐ.சி.எம்.ஜே.இ., யாரை ஆதர் என்று சொல்லலாம் என்பதற்கு நான்கு நிபந்தனை வைத்திருக்கிறது. ஆய்வைத் திட்டமிடுவதிலோ தரவு சேகரிப்பதிலோ அலசுவதிலோ கணிசமான பங்கு இருக்க வேண்டும். எழுதியிருக்க வேண்டும் அல்லது கருத்தூன்றித் திருத்தியிருக்க வேண்டும். கடைசி வடிவத்துக்கு ஒப்புதல் தந்திருக்க வேண்டும். நாளை கேள்வி வந்தால் பதில் சொல்லும் பொறுப்பை ஏற்க வேண்டும். நான்கும் வேண்டும், ஒன்றிரண்டு போதாது. பணம் கட்டியவர் இதில் எதையும் செய்வதில்லை. அந்தக் கட்டுரை நாளைக்கு வாபஸ் ஆனால், வாபஸ் அறிவிப்போடு சேர்ந்து உங்கள் பெயரும் பப்மெட்டில் அப்படியே இருக்கும். யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். விண்ணப்பத்தில் பொய்த் தகவல் இருக்கிறது என்று சந்தேகம் வந்தால் விசாரிக்க இங்கே முறை இருக்கிறது. வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளுக்குச் சான்று தரும் இ.சி.எஃப்.எம்.ஜி. அமைப்பு அதை ஒழுங்கீனமாக எடுத்துக்கொண்டால், ஸ்டெப் எழுதி நீங்கள் சேர்த்து வைத்த அத்தனையும் சிக்கலில் மாட்டும். உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. 9,000 ரூபாய்தானே, போனால் போகட்டும் என்று நினைத்துவிடக்கூடாது, போவது 9,000 ரூபாய் மட்டும் இல்லை.

இங்கே ஒரு குழப்பம் வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். நேர்மையான இதழ்களிலும் கட்டணம் உண்டு. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிடும் பல இதழ்கள், கட்டுரை ஏற்கப்பட்ட பிறகு பிரசுரக் கட்டணம் கேட்கும். நீங்கள் செய்த வேலையை அச்சேற்ற இதழுக்குக் கொடுக்கும் காசு வேறு, செய்யாத வேலையில் பெயர் போட இடைத்தரகருக்குக் கொடுக்கும் காசு வேறு. கட்டணம் வாங்காத இதழ்களும் இருக்கின்றன, முதலில் அவற்றைப் பாருங்கள். 'உங்கள் அரிய ஆராய்ச்சியைக் கண்டு வியந்தோம்' என்று ஒரு பேப்பரும் எழுதாத உங்களுக்கே மின்னஞ்சல் வரும். மூன்று நாளில் ஏற்றுக்கொள்வோம் என்பார்கள். கொலராடோவில் நூலகராக இருந்த ஜெஃப்ரி பீல் இந்த மாதிரி இதழ்களுக்கென்று ஒரு பட்டியலே வைத்திருந்தார். 2017-இல் அவர் அதை எடுத்துவிட்டார், அந்த வியாபாரம் மட்டும் நிற்கவில்லை. சந்தேகமாக இருந்தால் கல்லூரி நூலகரிடமோ, கட்டுரை எழுதிப் பழகிய அசிஸ்டென்ட் புரொஃபசரிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

தொலைவிலிருந்தே செய்யும் குழுக்கள் எல்லாமே மோசம் என்று நான் சொல்ல மாட்டேன். சிஸ்டமேட்டிக் ரிவ்யூ (ஏற்கெனவே வந்த ஆய்வுகளை முறையாகத் தேடித் தொகுப்பது) செய்யும் சில குழுக்களில் பிள்ளைகள் உண்மையாகவே மாடாய் உழைக்கிறார்கள். ஐந்நூறு ஆய்வுச் சுருக்கங்களை ஒவ்வொன்றாகப் படித்து, எதை வைத்துக்கொள்வது எதை விடுவது என்று இரண்டு பேர் தனித்தனியாக முடிவெடுத்து, முரண்பட்டால் மூன்றாமவரிடம் போய் நிற்பது லேசான வேலை இல்லை. அப்படி ஒரு வேலை கிடைத்தால், பணம் கேட்கவில்லை என்றால், சேருங்கள். ஆனால் உங்களுக்கு ஸ்டெப் 2 முடியும் வரை அதற்கும் நேரம் இருக்காது.

ஒரு வருடம் சம்பளமில்லா ரிசர்ச் பற்றி. இன்டர்னல் மெடிசினுக்காக மட்டும் என்றால் வேண்டாம். வாடகை, சாப்பாடு, இன்ஷூரன்ஸ் எல்லாம் டாலரில், வருமானம் பூஜ்யம். அந்தச் சுமை அப்பாவின் தலையில்தான் விழும். படிப்பு முடித்த வருடத்திலிருந்து இடைவெளியும் ஒன்று கூடும். 'மேட்ச் நிச்சயம்' என்று எந்த ரிசர்ச் இடமும் உறுதி தர முடியாது, தருகிறேன் என்று சொன்னால் அங்கேயே உஷாராகிவிடுங்கள். ரிசர்ச்சில் உண்மையிலேயே ஆசை உள்ளவர்கள், டெர்மட்டாலஜி, நியூரோசர்ஜரி போன்ற துறைகளுக்கு முயல்கிறவர்கள், இங்கே ஒரு பேராசிரியரிடம் ஒரு வருடமோ இரண்டு வருடமோ இருந்து பலன் பெற்றிருக்கிறார்கள். அங்கேயும் பேப்பரைவிட அதிகம் உதவியது, தினமும் கூடவே இருந்து பார்த்த அந்தப் பேராசிரியர் எழுதிய கடிதம்தான். உங்களுக்கு நாளை கார்டியாலஜியோ கேஸ்ட்ரோவோ ஆசை வந்தால், ரெசிடென்சிக்கு அடுத்த கட்டப் பயிற்சியான ஃபெலோஷிப்புக்கு ரிசர்ச் கேட்பார்கள். அதை ரெசிடென்சிக்குள் வந்த பிறகு, சம்பளத்தோடு, ஆள் அம்பு துணையோடு செய்யலாம்.

சரி, இனி நான் எழுத ஆசைப்பட்ட இடத்துக்கு வருகிறேன்.

'ரிசர்ச் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமே இல்லை' என்று ஆரம்பித்த நீங்கள், கடிதத்தின் கடைசியில் அலுத்துக்கொண்டு ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். பெண் நோயாளிகளுக்கு எஸ்காரை லேடி ஹவுஸ் சர்ஜன்கள்தான் சேலையை மறைப்பாகப் பிடித்துத் தேடுகிறோம் என்று. அந்த வரியை நான் மூன்று தடவை படித்தேன்.

மருத்துவம் படிக்காத வாசகர்களுக்காக: ஸ்க்ரப் டைஃபஸ் என்பது புதர், புல்வெளிகளில் இருக்கும் ஒரு நுண்ணிய உண்ணியின் இளம்பூச்சி கடிப்பதால் வரும் காய்ச்சல். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போலக் கறுப்பாக ஒரு பொருக்கு இருக்கும், அதுதான் எஸ்கார். எல்லோருக்கும் இருக்காது. இருந்தால், ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்காமலே நோயைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம், டாக்ஸிசைக்ளின் என்ற மருந்தை ஆரம்பித்துவிடலாம். தாமதமானால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரைக்கும் போகும். இந்தப் பொருக்கு வலிக்காது, அரிக்காது. மார்பகத்துக்கு அடியில், அக்குளில், தொடை இடுக்கில், இடுப்பில் சேலை இறுகும் இடத்தில் ஒளிந்திருக்கும். நோயாளிக்கே தெரியாது.

நாற்பது பேர் படுத்திருக்கும் வார்டில், திரை இல்லாத கட்டிலில், ஒரு ஆண் மருத்துவர் ஒரு அம்மாவின் மார்புக்கு அடியில் தூக்கிப் பார்ப்பாரா? அந்த அம்மா விடுவாரா? அப்படியானால் லேடி டாக்டர் டூட்டியில் இல்லாத இரவில் வந்த பெண்ணுக்கு எஸ்கார் எப்போது கண்ணில் பட்டது? டாக்ஸிசைக்ளினின் முதல் டோஸ் எத்தனை மணி நேரம் கழித்து விழுந்தது? ஆண்களுக்கு எவ்வளவு நேரம் ஆனது? இதற்கு விடை எனக்குத் தெரியாது, ஒருவேளை வித்தியாசமே இல்லாமலும் இருக்கலாம். ஆனால் இது அசல் கேள்வி. அமெரிக்காவில் ஒரு வருடம் உட்கார்ந்தாலும் இந்தக் கேள்வி யாருக்கும் தோன்றாது, அந்த வார்டில் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றவருக்குத்தான் தோன்றும்.

நம் மண்ணில் நடந்த நல்ல ஆய்வுகள் இப்படித்தான் வார்டிலிருந்தும் தெருவிலிருந்தும் வந்திருக்கின்றன. 1956-இல் சென்னையில் காசநோய் வேதிசிகிச்சை மையம் தொடங்கியபோது அவர்களுக்கு முன்னால் இருந்த கேள்வி மிகச் சாதாரணமானது. சானடோரியத்தில் எல்லோருக்கும் படுக்கை இல்லை, வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தால் குணமாகுமா? ஒருசாராரை வீட்டிலும் ஒருசாராரை சானடோரியத்திலும் வைத்து ஒரு வருடம் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டு வைத்தியம் கிட்டத்தட்ட அதே அளவு பலன் தந்தது, வீட்டில் இருந்தவர்களுக்கு அதனால் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. 1959-இல் அது வெளியானதும் உலகம் காசநோயைப் பார்த்துக்கொள்ளும் விதமே மாறியது. ஸ்க்ரப் டைஃபஸிலும், வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு 2023-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழில் வந்தது. நோய் முற்றிய 794 பேரை வைத்து, டாக்ஸிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து ஊசியாகக் கொடுப்பது தனித்தனியாகக் கொடுப்பதைவிட மேல் என்று காட்டினார்கள். அவ்வளவு பெரிதாக நீங்கள் செய்யப் போவதில்லை. ஆனால் நீங்கள் நிற்பதும் அதே வரிசையில்தான்.

இனி எப்படி ஆரம்பிப்பது? இதில் நான் ஒரு தப்பு செய்தேன், அதிலிருந்து தொடங்குகிறேன். நான் ஃபைனல் இயரில் இருந்தபோது, பூச்சிமருந்து குடித்து வந்தவர்களுக்கு அட்ரோபின் எவ்வளவு சீக்கிரம் கொடுத்தோம் என்று பார்க்கக் கிளம்பினேன். மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் அறையில் கேஸ் ஷீட்டுகளைச் சணல் கயிற்றில் கட்டி அடுக்கியிருப்பார்கள். மூன்று வாரம், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போய் அறுபது கேஸ் ஷீட் பிரித்து நோட்டில் எழுதினேன். தூசியில் தும்மித் தும்மி மூக்கு சிவந்துவிடும். எல்லாம் முடிந்து பேராசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டினால், "எத்திக்ஸ் கமிட்டி நம்பர் எங்கே?" என்றார். இல்லை. பழைய கேஸ் ஷீட்தானே, யாருக்கும் ஊசியா போட்டோம் என்று நான் நினைத்திருந்தேன். அப்படிக் கிடையாது. பழைய ரெக்கார்டானாலும் தரவைத் தொடுவதற்கு முன்பே அனுமதி வேண்டும். நோயாளியிடம் தனியாக ஒப்புதல் வாங்கத் தேவையில்லை என்று விலக்குத் தரலாம், ஆனால் அதைக் கமிட்டிதான் தர வேண்டும், நாமாக எடுத்துக்கொள்ள முடியாது. அந்த நோட்டு அப்படியே வீணாகப் போனது. அதைவிட வலித்தது வேறு. அறுபதில் பாதி கேஸ் ஷீட்டில் எத்தனை மணிக்குக் குடித்தார் என்றே எழுதியிருக்கவில்லை, 'காலையில்' என்று மட்டும் இருந்தது. என் கேள்விக்கு விடை அந்தக் காகிதத்தில் இல்லவே இல்லை. முதல் பத்து ஷீட்டிலேயே தெரிந்துகொண்டிருக்க வேண்டிய விஷயம்.

அதனால் உங்கள் யூனிட் சீஃபிடம் முதலில் போங்கள். ரவுண்ட்ஸ் முடிந்து அவர் டீ குடிக்கும் நேரம் பார்த்து, "சார், இப்படி ஒரு சந்தேகம், உங்கள் பேரில் ஒரு சின்ன ஸ்டடி செய்யலாமா?" என்று கேளுங்கள். ஹவுஸ் சர்ஜன் தனியாகக் கமிட்டிக்குப் போக முடியாது, பொறுப்பாளர் ஒருவர் வேண்டும். அவருக்கு ஆர்வம் இல்லையென்றால் மனம் தளராமல், கட்டுரை எழுதும் பழக்கமுள்ள இளம் அசிஸ்டென்ட் புரொஃபசரைத் தேடுங்கள். கம்யூனிட்டி மெடிசின் துறையில் கட்டாயம் ஒருவராவது இருப்பார். சாம்பிள் கணக்கு போடத் தெரிந்தவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். உங்கள் கல்லூரிக் கமிட்டி எப்போது கூடுகிறது என்று அன்றைக்கே விசாரித்துவிடுங்கள். பல இடங்களில் மாதாமாதம் கூடாது, ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் உங்கள் ஏழு மாதத்தில் பாதி போய்விடும்.

யார் முதல் ஆதர், யார் கடைசி என்பதை ஆரம்பத்திலேயே பேசிவிடுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும், எனக்குத் தெரியும். "சார், டேட்டா முழுக்க நான் எடுத்து முதல் டிராஃப்ட்டும் நான் எழுதினால் ஃபர்ஸ்ட் ஆதராகப் போடலாமா?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. கடைசியில் கேட்டால்தான் மனஸ்தாபம் வருகிறது. வேலையே செய்யாத யாரையாவது 'அவர் பேரும் போடும்மா' என்று சொல்வார்கள். அப்போது ஐ.சி.எம்.ஜே.இ. நிபந்தனையைப் பணிவாகக் காட்டி, நன்றி தெரிவிக்கும் பகுதியில் அவர் பெயரைச் சேர்க்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். நடக்கவில்லையென்றால் உங்கள் நிலைமை எனக்குப் புரியும். அரசு கல்லூரியில் ஒரு ஹவுஸ் சர்ஜன் அதற்கு மேல் சண்டை போட முடியாது.

இதோடு ஒரு கேஸ் ரிப்போர்ட்டும் எழுதலாம். வழக்கத்துக்கு மாறாக ஏதாவது நோயாளியிடம் பார்த்தால், அவர் டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன்பே எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். தமிழில் இருக்க வேண்டும், பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்ட வேண்டும். "உங்க போட்டோ டாக்டருங்க படிக்கிற புஸ்தகத்துல வரும், பேரு வராது, வேணாம்னா வேணாம், வைத்தியத்துல ஒரு குறையும் வராது" என்று சொல்லுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். எழுதும்போது, கேஸ் ரிப்போர்ட்டில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்லும் கேர் (CARE) வழிகாட்டுதலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் எதுவும் விடுபடாது.

உங்கள் ஜூனியர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுங்கள். ஐ.சி.எம்.ஆர். 1979-லிருந்து மாணவர்களுக்காக எஸ்.டி.எஸ். என்ற குறுகிய கால ஆய்வுத் திட்டம் நடத்துகிறது. இரண்டு மாத வேலை, உதவித்தொகையும் உண்டு, அறிக்கை ஏற்கப்பட்டால்தான் சான்றிதழ். ஹவுஸ் சர்ஜனான உங்களுக்கு இனி அது கிடையாது, ஆனால் செகண்ட் இயர் பிள்ளைகள் யாரும் இதைக் கேள்விப்படாமலே இருந்துவிடக்கூடாது.

நேரம் இல்லை என்கிறீர்கள். உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஸ்டெப் 2 முதலில், அதில் கை வைக்காதீர்கள். ரிசர்ச்சுக்கு வாரத்தில் நான்கு மணி நேரம் ஒதுக்க முடிந்தால் போதும். டூட்டி முடிந்த மறுநாள் மட்டும் வேண்டாம், தூக்கக் கலக்கத்தில் எழுதிய எண்ணை நம்ப முடியாது. விண்ணப்பம் போடும் செப்டம்பருக்குள் கட்டுரை அச்சில் வராவிட்டாலும் பரவாயில்லை. அனுப்பியிருந்தால் 'சமர்ப்பிக்கப்பட்டது' என்று போடலாம். இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறீர்கள் என்றால் அதைக் கட்டுரைப் பட்டியலில் சேர்க்காமல், அனுபவப் பகுதியில் ஆய்வுப் பணி என்று போட்டு, என்ன செய்தீர்கள் என்று உள்ளபடி எழுதுங்கள். அந்தப் பகுதியில் பத்து அனுபவங்கள்தான் போட முடியும், அதில் மூன்றை முக்கியமானவை என்று குறித்து விளக்கலாம். இது அந்த மூன்றில் ஒன்றாக இருக்கட்டும். சேலையை மறைப்பாகப் பிடித்த கதையை அங்கே எழுதுங்கள். யூனிட் சீஃப் தரும் பரிந்துரைக் கடிதத்திலும் இந்த வேலையைப் பற்றி இரண்டு வரி வரட்டும். 'கடின உழைப்பாளி, நேரம் தவறாதவர்' என்பதை எல்லோருக்கும் எழுதுகிறார்கள், இதை உங்களுக்கு மட்டும்தான் எழுத முடியும்.

அப்பாவிடம் பணம் கேட்கத்தான் வேண்டும். ஸ்டெப் 2 கட்டணம், கேள்வி வங்கிச் சந்தா, ஒன்றிரண்டு மாதம் இங்கே வந்து வார்டில் நிற்கும் செலவு என்று உண்மையான செலவுகள் வரிசையாக வரும். கணக்கை ஒரு தாளில் எழுதி அவர் முன்னால் வையுங்கள். எதற்கு, எப்போது, எவ்வளவு என்று தெரிந்தால் கிளார்க் வேலை பார்த்தவருக்கு அதைத் திட்டமிடத் தெரியும்.

எத்திக்ஸ் அனுமதி வந்ததும் முதலில் பத்தே பத்து கேஸ் ஷீட் எடுங்கள், ஐந்து ஆண், ஐந்து பெண். எஸ்கார் என்ற இடத்தில் சிலவற்றில் 'உண்டு' என்றிருக்கும், சிலவற்றில் 'இல்லை' என்றிருக்கும், சிலவற்றில் ஒன்றுமே எழுதியிருக்காது. அந்த வெற்றிடத்துக்குத் தேடிப் பார்த்து இல்லை என்று அர்த்தமா, தேடவே இல்லை என்று அர்த்தமா? இதை எப்படிக் குறிப்பது என்று யூனிட் சீஃபோடு உட்கார்ந்து முடிவு செய்துவிட்டு, அப்புறம் பதினொன்றாவது ஷீட்டைப் பிரியுங்கள்.